31 உரப்பையும் ஒரு மதில் மூலையும்: கடற்கரை ஒழுங்கையில குப்பை பொறுக்கின கதை, ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருகோணமலை டவுனுக்குள்ள, பேக் பே கடற்கரைப் பக்கமா இறங்கிற ஒரு ஒழுங்கையில நடந்த விஷயம் இது. ஒழுங்கை பேரும் ஆக்கள்ட பேரும் போடேல்ல, போட்டா சண்டை வரும், அதோட பிழை எங்கட பக்கம்தான் கூட இருக்கு. நான் அந்தக் குழுவில கொப்பி வைச்சு கணக்கு எழுதின ஆள். எண்ணிக்கை எல்லாம் அந்தக் கொப்பியில இருந்து எடுத்தது, கொப்பியில இல்லாததுக்கு "போல" எண்டு போட்டிருக்கிறன்.

ஒழுங்கையில 60 வீடு போல. ஒரு பக்கத்தால வடிகான் ஒண்டு ஓடி நேர கடற்கரை மணலுக்குள்ள போய்ச் சேரும். வெயில் காலத்துல கான் வாய மணல் மூடிப்போடும், மழை வந்தா தண்ணி அத உடைச்சுக்கொண்டு கடலுக்குப் பாயும். கரையில மீன்பிடிக்காரர்ட வாடி (கரைக் கொட்டில்) 4, போட் கொஞ்சம், மேல ரெண்டு கடை, ஒண்டு தேத்தண்ணிக் கடை, மத்தது பலசரக்கு. வெளிநாட்டுக்காரர் இங்க வாறதில்ல, அவங்க உப்புவெளி, நிலாவெளி, புறாத்தீவு எண்டு போயிடுவாங்க. பின்னேரத்துல வாறது எங்கட ஆக்கள்தான், காத்து வாங்க, கடலை கொறிக்க, பொடியள் பந்தடிக்க.

குப்பை எப்பவும் இருந்ததுதான். ஆனா 2022ல டீசல் தட்டுப்பாடு வந்து எல்லாரும் கியூவில கிடந்த நேரம் குப்பை டிராக்டர் வாறது குறைஞ்சுது, அப்ப வீட்டுக் குப்பைய கானுக்குள்ள தட்டிப் பழகின சில பேர் டீசல் வந்தாப்பிறகும் அந்தப் பழக்கத்த விடேல்ல. இதையும் சொல்லோணும், ஏனெண்டா பிறகு நாங்க கானைப் பத்தி நிறையக் கதைக்கப்போறம்.

வாடைக் காத்து அடிக்கிற மாதங்கள்ல இந்தப் பக்கக் கடல் முரண்டு பிடிச்சு கரைக்கு ஏறும், வலைத்துண்டு, கயிறு, ரெஜிபோம் (தெர்மோகோல்) கட்டி, போத்தல் எல்லாத்தையும் கொண்டுவந்து மணல்ல போட்டுட்டுப் போகும். தைப்பொங்கல் முடிஞ்ச கையோட கரைக்குப் போனா காலை வைக்க இடம் இல்ல. அந்தக் கோலத்தப் பாத்துத்தான் 7 பேர் சேர்ந்து ஒரு வட்ஸ்அப் குரூப் துவங்கினம்: ரிட்டயர் ஆன டீச்சரம்மா ஒராள், ஒரு ஆட்டோ அண்ணன், வாடியில இருந்து ஒரு சம்மாட்டியார் (போட் முதலாளி), பாங்கில வேலை செய்யிற ஒரு நானா, ஏஎல் (உயர்தரம்) படிக்கிற ரெண்டு பொடியள், நான். டீச்சரம்மாதான் தலைவி, அவவ யாரும் தெரிவு செய்யேல்ல, ஆனா அவட்ட படிக்காத ஆள் ஒழுங்கையில குறைவு.

முதல் ஞாயிறு

தை மாதக் கடைசி ஞாயிறு விடிய 6 மணிக்கு வாங்கோ எண்டு குரூப்ல போட்டம், 23 பேர் வந்தாங்க, நாங்க நினைச்சது 10 பேர். உரப்பை, கொஞ்சம் கிளவுஸ், ரெண்டு மண்வாரி, டீச்சரம்மா வீட்டு இஞ்சித் தேத்தண்ணி. 9 மணி வரைக்கும் கான் வாயில இருந்து வாடி மட்டும் பொறுக்கினம். 31 உரப்பை. எல்லாருக்கும் பெரிய சந்தோசம், வரிசையா பைய அடுக்கி வைச்சு பின்னுக்கு நிண்டு போட்டோ எடுத்தம், ஃபேஸ்புக்கில போட்டம், கனடாவில இருந்தெல்லாம் ஆக்கள் கை தட்டினாங்க.

பைகள எங்க வைக்கிறது எண்டு ஒருத்தரும் யோசிச்சிருக்கேல்ல. ஒழுங்கை முனையில ஒரு வெறும் வளவு இருக்கு, சொந்தக்காரர் வெளிநாட்டில. அந்த மதில் மூலையில சாத்தி வைச்சம், "திங்கள் டிராக்டர் வரும், எடுப்பாங்க" எண்டு நான்தான் சொன்னன். எதை வைச்சுச் சொன்னன் எண்டு இப்ப கேட்டா என்னட்ட மறுமொழி இல்ல.

அடுத்த 11 நாள்

திங்கள் டிராக்டர் வந்துது, வீட்டு வாசல்ல வைச்சதுகள எடுத்துது, மூலையத் திரும்பிப் பாத்துட்டுப் போயிட்டுது. வியாழனும் அப்பிடித்தான்.

செவ்வாய் இரவே நாய் ரெண்டு பையக் கிழிச்சிட்டுது. புதன் விடிய மாடு. வெள்ளி விடிய நான் வேலைக்குப் போகேக்க பாத்தா நாலு மான் நிண்டு சொப்பிங் பேக்க இழுக்குது. திருகோணமலைக்காரருக்கு மான் புதினம் இல்ல, கோட்டைக்குள்ள இருந்து பஸ் ஸ்டாண்ட் மட்டும் அதுகள் திரியும், பொலித்தீன் திண்டு செத்த மான்ட வயித்துல கட்டியா எடுத்ததெல்லாம் ஊருக்குத் தெரிஞ்ச கதை. ஆனா இது நாங்க கட்டி வைச்ச பை. கடற்கரையில மணலுக்குள்ள புதைஞ்சு கிடந்த பொலித்தீனத் தோண்டி எடுத்து, மான் வாற வழியில, அதுவும் சோத்து மணம் மாறாத லஞ்ச் சீட்டோட சேர்த்து, பந்தி வைச்ச மாதிரி வைச்சிருக்கிறம்.

இன்னொண்டு நடந்தத நாங்க ஆறாம் நாள்தான் கவனிச்சம். மூலையில இருந்த பை 31, கிழிஞ்சது போக 25 இருக்கோணும். எண்ணினா 38. ஊர் ஆக்கள் தங்கட வீட்டுக் குப்பையக் கொண்டு வந்து பக்கத்துல வைச்சிட்டாங்க. அவங்களில பிழை சொல்லேலாது, ஒரு இடத்துல 31 பை வரிசையா நிண்டா அது குப்பை போடுற இடம் எண்டுதானே ஆரும் நினைப்பாங்க.

எட்டாம் நாள் மழை. பத்தாம் நாள் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து நிண்டார், ஆரோ கோல் எடுத்திருக்கினம். கிழிஞ்ச பைக்குள்ள யோகட் கப்பிலயும் சிரட்டையிலயும் தண்ணி நிக்கிறத ஒவ்வொண்டாத் தடியால தட்டிக் காட்டினார். நுளம்பு முட்டையில இருந்து பறக்கிறதுக்கு 7 தொடக்கம் 10 நாள் காணும் எண்டும், தண்ணி வத்தினாலும் முட்டை கப்பில ஒட்டினபடி மாசக் கணக்கில உயிரோட கிடக்கும் எண்டும் சொன்னார். 2017ல கிண்ணியாவில டெங்கு எப்பிடிக் கிளம்பினது எண்டு எங்களுக்கு ஆரும் பாடம் எடுக்கத் தேவையில்ல, அங்க சொந்தக்காரர் இல்லாத வீடு எங்கட ஒழுங்கையில இல்ல. நானான்ட மச்சாள் குடும்பமே அந்த நேரம் ஆஸ்பத்திரியில கிடந்தது. அவர் அண்டைக்கு ஒண்டும் கதைக்கேல்ல.

மூலைக்குப் பக்கத்து வீட்டு ஐயா ஒராள், எப்பவும் அதிகம் வாய் திறக்காதவர், டீச்சரம்மாவக் கூப்பிட்டுச் சொன்னார்: "பிள்ளை, முந்தி குப்பை பரவிக் கிடந்தது. இப்ப நீங்க அள்ளிக்கொண்டு வந்து என்ர வாசல்ல குவிச்சிட்டீங்க." அந்த வசனத்த நான் கொப்பியில அப்பிடியே எழுதி வைச்சன்.

எரிக்கிறதா, ஏத்துறதா

அண்டு பின்னேரம் டீச்சரம்மா வீட்டு விறாந்தையில கூட்டம். ஆட்டோ அண்ணன் எரிப்பம் எண்டார், அவர்ட நியாயம் அவருக்கு, ஊரே எரிக்குதுதானே. மறுத்ததுக்குக் காரணம் ரெண்டு. குப்பைய வெளியில போட்டு எரிக்கிறதுக்கு 2017 புரட்டாசியில இருந்து தடை இருக்கு, 20 மைக்ரோனுக்குக் குறைஞ்ச பொலித்தீன், லஞ்ச் சீட், ரெஜிபோம் பெட்டியத் தடை செய்த அதே நேரம் வந்தது. அதவிட முக்கியம், மூலைக்குப் பக்கத்து வீட்டுல இழுப்பு வருத்தக்காரப் பிள்ளை ஒண்டு இருக்கு.

சரி, ஏத்துறது எண்டா எப்பிடி? அடுத்த நாள் டீச்சரம்மாவும் நானும் குப்பை அள்ளுற உள்ளூராட்சிச் சபைக்குப் போய் குப்பை சுப்பர்வைசரச் சந்திச்சம். சண்டை பிடிக்கிற மனசோடதான் போனம். அவர் கதிரை தந்து இருக்கச் சொல்லிப்போட்டு பொறுமையா மூண்டு விஷயம் சொன்னார், மூண்டும் எங்களுக்குத் தெரியாதது. டிராக்டர்ல வாற பொடியளுக்கு வீட்டு வாசல் குப்பை, அதுவும் தரம் பிரிச்சதுதான் எடுக்க அனுமதி, கடற்கரைக் குப்பைக்கு முன்கூட்டியே கடிதம் வேணும், அப்ப வேற வண்டி வரும். ரெண்டாவது, மணலும் ஈரமும் கலந்த உரப்பைய ரெண்டு பேர் தூக்கிப் பெட்டிக்குள்ள போடேலாது, போன வருசம் அப்பிடித் தூக்கி ஒரு பொடியன்ட நாரி பிடிச்சுப் போச்சு. மூண்டாவது, கலந்த குப்பை கொண்டு போனா இறக்கிற இடத்துல திருப்பி அனுப்புவாங்க. மீதொட்டமுல்லையில 2017 சித்திரை வருசப்பிறப்பு அண்டைக்கு குப்பை மலை சரிஞ்சு வீடுகள மூடினதுக்குப் பிறகு எங்க இறக்கிறது எண்டாலே எல்லா இடத்திலயும் பிரச்சினைதான் எண்டார்.

"நீங்க முதல்ல ஒரு சொல்லு சொல்லியிருந்தா திங்கள் விடியவே வண்டி விட்டிருப்பன் டீச்சர்" எண்டு அவர் சொல்ல எங்களுக்கு முகத்த எங்க வைக்கிறது எண்டு தெரியேல்ல. அவரும் டீச்சரம்மாட்டப் படிச்சவர்தான்.

முடிவு: ஜீ.எஸ். (கிராம சேவகர்) ஊடாக் கடிதம் குடுக்கிறது, சபை வண்டி வாறதுக்கு முதல் 38 பையையும் அவிழ்த்துக் கொட்டிப் பிரிக்கிறது. அந்தச் சனிக்கிழமை வந்தது 8 பேர். முதல் நாள் 23 பேர் 3 மணித்தியாலத்துல கட்டினத 8 பேர் முழு நாளும் இருந்து பிரிச்சம், நாத்தம் சொல்லி வேலையில்ல. கொட்டி உதறினா பையில பாதிப் பாரம் மணல். 38 பை 17 ஆச்சு. திங்கள் வண்டி வந்து 10 நிமிசத்துல ஏத்திக்கொண்டு போச்சு.

எண்ணிப் பாத்தது

இதுக்குப் பிறகு ஒரு மாசம் பெரிசா ஒண்டும் பொறுக்கிறதில்ல, முதல்ல என்ன குப்பை எங்க இருந்து வருது எண்டு பாப்பம் எண்டு தீர்மானிச்சம். இது பாங்கு நானா சொன்ன யோசனை, பாங்குக்காரர் எண்டபடியா எதையும் எண்ணாம விடமாட்டார். கரைய மூண்டு துண்டாப் பிரிச்சம், கான் வாய், நடுக்கரை, வாடிப்பக்கம். ஒவ்வொரு ஞாயிறும் ஒவ்வொரு துண்டிலயும் 100 சாமான் மட்டும் எடுத்து என்ன எண்டு எழுதுறது.

எங்கட எதிர்பார்ப்பு என்னெண்டா பின்னேரம் காத்து வாங்க வாற ஆக்கள்தான் காரணம் எண்டு. ஊரிலயும் அப்பிடித்தான் பேச்சு, கொஞ்சப் பேர் கடல்தான் இந்தியாவில இருந்து கொண்டு வருது எண்டும் சொல்லுவாங்க. நடுக்கரையில உண்மையா கடலைப் பை, ஐஸ்கிரீம் கப், கால் போத்தல் இருந்துது. ஆனா கூடுதலாக் குவிஞ்சது கான் வாயிலதான், அங்க 100ல 60க்கு மேல வீட்டுச் சாமான்: லஞ்ச் சீட், ஷம்பு பைக்கற்று, யோகட் கப், பால்மா பை, பம்பஸ். கடலுக்கு வந்த ஆள் பம்பஸ் கொண்டு வந்து போடமாட்டார். சின்னப் பைக்கற்றுகளுக்கு 2021 பங்குனிக் கடைசியில தடை வந்ததுதான், ஆனா சாப்பாட்டுச் சாமானும் மருந்தும் அதுக்குள்ள அடங்காது, அதால கானுக்குள்ள வாறது நிக்கேல்ல.

வாடிப்பக்கம் வேற மாதிரி. நைலோன் வலைத்துண்டு, தங்கூசி நூல், கயிறு, ஐஸ் பெட்டி உடைஞ்ச ரெஜிபோம். சம்மாட்டியார் கொப்பியப் பாத்துட்டு "இது எங்கடதான், மறைக்க ஒண்டும் இல்ல" எண்டு சொல்லி, அடுத்த நாளே ஒவ்வொரு வாடித் தூணிலயும் ஒரு உரப்பை கட்டிவிட்டார். அந்த ஒரு வேலை இண்டைக்கு மட்டும் நல்லா நடக்குது, நாங்க அதுக்கு ஒரு பாடும் படேல்ல.

வலை கட்டினதும் வெள்ளம் வந்ததும்

கான்தான் மூலம் எண்டு தெரிஞ்சாப்பிறகு சம்மாட்டியார் பழைய வலை ஒண்டு தந்தார். கான் வாய்க்குக் கொஞ்சம் மேல, ரெண்டு பக்கமும் இரும்புக் குழாய் நட்டு வலையக் குறுக்கால கட்டினம். ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஏஎல் பொடியள் ரெண்டு பேரும் வலையில சிக்கினத அள்ளி எடுப்பாங்க. முதல் ரெண்டு கிழமை அருமை. கரைக்குப் போற குப்பை கண்ணுக்குத் தெரியிற அளவுக்குக் குறைஞ்சுது.

சிவராத்திரி முடிஞ்சு கோணேசர் நகர்வலம் வந்த நாள்கள்ல தண்ணிப்பந்தல் கப் எல்லாம் வலையில வந்து நிண்டுது, ஒரே நாள்ல ரெண்டு பை. அண்டைக்கு எங்களுக்குப் பெரிய பெருமை.

சித்திரைக்கு முன்னால பின்னேரங்கள்ல இடி மழை வாற காலம் ஒண்டு இருக்கு, ஒரு மணித்தியாலம் கொட்டிப்போட்டு நிண்டிடும். அப்பிடி ஒரு மழை இரவு 8 மணிக்கு வந்தது. மேல இருந்த இலை, குப்பை, வாழை மட்டை எல்லாம் வந்து வலைய அடைச்சு, வலை மதில் மாதிரி நிண்டிட்டுது. கான் நிரம்பி ரெண்டு வீட்டு முத்தத்துக்குள்ள முழங்கால் அளவு தண்ணி, அதுல ஒரு வீட்டுல அடுத்த நாள் வளைகாப்புக்கு இறக்கின அரிசி மூட்டை நனைஞ்சு போச்சு. ஆட்டோ அண்ணன் இருட்டுக்குள்ள இறங்கிக் கத்தியால வலைய வெட்டினாப்பிறகுதான் தண்ணி வடிஞ்சுது.

அடுத்த நாள் விடிய டீச்சரம்மாவும் சம்மாட்டியாரும் அந்த ரெண்டு வீட்டுக்கும் போய் மன்னிப்புக் கேட்டாங்க. அரிசிக்கு எங்கட காசு சேர்த்துக் குடுத்தம். அந்த வீட்டு அன்ரி காச வாங்கேல்ல, "வலைய மட்டும் திரும்பக் கட்டாதேங்கோ" எண்டா. காச ஆட்டோ அண்ணன்தான் பிறகு அவட மகன்ட கையில குடுத்தார்.

கட்டாம விடுறதா எண்டு ரெண்டு கிழமை வாக்குவாதம். நான் வேண்டாம் எண்ட பக்கம். கடைசியில கட்டினதுதான், ஆனா வேற மாதிரி: வலையின்ட கீழ்ப் பக்கம் கட்டில்லாம கல்லுப் பாரத்துல நிக்கும், மேல ஒரு கயிறு, இழுத்தா முழு வலையும் எழும்பிடும். கயிறு நுனி அதே அன்ரி வீட்டு மதில்ல. மழை இருட்டினா அவவோ மகனோ இழுத்து விடுவாங்க. கயித்த அவட கையில குடுக்கிறது சம்மாட்டியார்ட யோசனை, தண்ணி ஏறினா முதல்ல நனையிறது அவட முத்தம்தானே. அவ உடன ஓம் எண்டு சொல்லேல்ல, மூண்டு நாள் எடுத்தா. ஐப்பசி பிறக்க முதல் வலையக் கழட்டிறது, தை முடிய வாடை மழை குறையிற மட்டும் கட்டுறதில்ல எண்டதும் அவ போட்ட நிபந்தனை.

ஊசி

இத எழுத விருப்பமில்ல, ஆனா எழுதாட்டி இந்த ஆய்வுல பிரயோசனம் இல்ல. வைகாசியில ஒரு பின்னேரம், வலையில இருந்து எடுத்த பம்பஸ் சுத்தின சொப்பிங் பேக்க அமத்தினதுல ஏஎல் பொடியன்ட உள்ளங்கையில ஊசி குத்திட்டுது, இன்சுலின் போடுற சின்ன ஊசி, கிளவுஸுக்கு மேலாலயே இறங்கிட்டுது. அவன் பயத்துல கையப் பிழிஞ்சு பிழிஞ்சு ரத்தம் எடுக்கப் பாத்தான். அது பிழை, பிழியக்கூடாது, ஓடுற தண்ணியில சவுக்காரம் போட்டுக் கழுவிப்போட்டு உடன ஆஸ்பத்திரிக்குப் போகோணும் எண்டு எங்களுக்கு ஆஸ்பத்திரியிலதான் சொன்னாங்க. எச்.ஐ.வி.க்கு மருந்து தேவையெண்டு முடிவெடுத்தா 72 மணித்தியாலத்துக்குள்ள துவங்கோணும், எவ்வளவு வேளைக்கோ அவ்வளவு நல்லம். ஹெபரைரிஸ் பி (ஈரல் அழற்சி) தடுப்பூசி போட்டதா எண்டு கேட்டாங்க, அது இலங்கையில 2003ல இருந்து குழந்தைகளுக்குப் போடுற பட்டியல்ல இருக்கு, தாய் வீட்டுக்கு ஓடிப்போய் பிள்ளையின்ட கிளினிக் கொப்பிய எடுத்துக்கொண்டு வந்தா, மூண்டும் போட்டிருந்துது. ஏற்பூசியும் போட்டாங்க. பிறகு மாசக் கணக்கில ரத்தம் சோதிச்சு எல்லாம் நல்லபடியா வந்துது, ஆனா அந்த மாசங்கள்ல தாய் எங்களோட கதைக்கேல்ல. அவன் திரும்ப வரேல்ல, நாங்க கூப்பிடவும் இல்ல.

அந்த ஊசி ஆர்ட எண்டு தேடுறதா எண்டு ஒரு கேள்வி வந்துது. ஒழுங்கையில சீனி வருத்தம் ஆருக்கு எண்டு எல்லாருக்கும் தெரியும், 4 வீடுதான். தேடுறதில்ல எண்டு முடிவெடுத்தம், கண்டுபிடிச்சா அந்த ஆள் ஒழுங்கையில தலை காட்டேலாது, மத்த மூண்டு பேரும் ஊசிய இன்னும் ஒளிச்சுத்தான் எறிவாங்க. மிட்வைஃப் மிஸ்ஸிட்டச் சொன்னம், அவ வீடு வீடாப் போகேக்க எல்லாருக்கும் பொதுவா, ஊசியப் பிளாஸ்டிக் போத்தலுக்குள்ள போட்டு மூடிய இறுக்கி, நிரம்பினாக் கிளினிக்குக்குக் கொண்டு வாங்கோ எண்டு சொல்லிவிட்டா. அதுக்குப் பிறகு ஒரு ஊசிதான் கண்டிருக்கிறம்.

எங்கட பக்கத்துலயும் மாத்தினம். மூடின சப்பாத்து இல்லாட்டி கரைக்கு வரேலாது. பைய ஒருத்தரும் கையால அமத்திறதில்ல, இடுக்கிதான், வாங்கினது 6, மிச்சம் வாடியில கம்பி வளைச்சுச் செய்தது. 18 வயசுக்குக் குறைஞ்ச ஆக்கள் நடுக்கரையில மட்டும், கான் பக்கம் போகேலாது. ஊசி, பிளேட், உடைஞ்ச கண்ணாடி கண்டா தொடாம ஆளக் கூப்பிடுறது, எடுக்கிறது ஆட்டோ அண்ணன் ஒராள்தான், அவர்ட்ட தடிச்ச 5 லீட்டர் கலன் ஒண்டு இருக்கும். இதெல்லாம் முதல் நாளே செய்திருக்கோணும், ரெண்டாயிரம் ரூபா கிளவுஸ் வாங்கின நாங்க ஊசியப் பத்தி ஒரு நிமிசம் யோசிக்கேல்ல.

வாளி, பனியன், இன்னும் சில்லறை விஷயங்கள்

தேத்தண்ணிக் கடைக்கு முன்னால குப்பை வாளி ஒண்டு வைச்சம். 4 நாள்ல அதுக்குள்ள வீட்டுக் குப்பை நிரம்பி வழிஞ்சு மூலைக் கதை திரும்பத் துவங்க, ஐஞ்சாம் நாள் எடுத்திட்டம். தினமும் வெறுமையாக்க ஆள் இல்லாட்டி வாளி வைக்கக்கூடாது. கடைக்கார அண்ணன் லஞ்ச் சீட்டுக்குப் பதிலா வாழை இலை வைக்கிறன் எண்டு சொல்லி ஒரு மாசம் வைச்சார், பிறகு இலை விலை ஏற விட்டிட்டார், அவரக் குத்தம் சொல்ல மனசில்ல.

எலெக்சன் நேரம் ஒரு கட்சிக்காரர் 50 பனியன் தாறன், பின்னுக்கு என்ர படம் இருக்கும் எண்டார். குரூப்ல ரெண்டு நாள் அடிபாடு. வேண்டாம் எண்டு முடிவாக, வாங்குவம் எண்டு நிண்ட ஒராள் குரூப்ப விட்டுப் போனார், இப்ப வரைக்கும் திரும்பேல்ல. முடிவு சரிதான், ஆனா நாங்க அத குரூப்ல வைச்சுக் கதைச்ச விதம் சரியில்ல, நேர வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருந்தா ஆள் நிண்டிருப்பார்.

வாற ஆக்கள் 23ல இருந்து ஆனி மாசம் 6 ஆச்சு. கச்சான் காத்து வெக்கையில மணல் கொதிக்கேக்க கிழமைக்கொருக்கா ஆரும் வரமாட்டாங்க. மாசத்துக்கு ஒருக்கா, போயா நாள் விடிய எண்டு மாத்தினம், 12 பேர் போல நிலையா வாறாங்க.

பிறகு என்ன ஆச்சு

ஒரு வருசம் முடிஞ்சு திரும்பத் தை மாசம் அதே மூண்டு துண்டிலயும் எண்ணினம். வாடிப்பக்கம் வலைத்துண்டு பாதிக்கு மேல குறைவு. கான் வாயில குறைஞ்சதுதான், ஆனா வலை கழட்டின மூண்டு மாசத்துல போனது போனதுதான். நடுக்கரையில ஒரு மாத்தமும் இல்ல, பின்னேரம் வாற ஆக்களுக்கு நாங்க என்ன சொன்னாலும் ஏறேல்ல, அதுக்கு எங்கட்ட வழியும் இல்ல. அந்த நாள் கட்டினது 9 பை, பிரிச்சு உதறிக் கட்டினது, கடிதம் ஒரு கிழமைக்கு முதலே போயிட்டுது, வண்டி வந்து நிண்டாப்பிறகுதான் முதல் பையக் கட்டினம். ஒரு பையும் இரவு தங்கேல்ல. நல்ல போத்தல் மட்டும் தனியாப் பழைய போத்தல் எடுக்கிறவர் கொண்டு போனார், அந்தக் காசு தேத்தண்ணிக்குச் சரி.

இதே வேலைய வேற ஒழுங்கையில துவங்கப் போற ஆக்கள் ரெண்டு தரம் எங்கட்ட வந்து கேட்டாங்க. திரும்பச் செய்யிறதெண்டா நாங்க வேலையின்ட வரிசைய மாத்தித்தான் துவங்குவம்: முதல் சபைக்குப் போய் வண்டிக்கு நாள் எடுக்கிறது, பிறகு எண்ணுறது, பிறகு இடுக்கியும் சப்பாத்தும், கடைசியாத்தான் ஆக்களக் கூப்பிடுறது. கானுக்குள்ள எதையும் கட்ட முதல் கான் கரை வீடுகள்ல கேக்கிறது. போட்டோ, வண்டி போனாப்பிறகு.

மதில் மூலையில டீச்சரம்மா ஒரு வேப்பங்கண்டு வைச்சா, மாடு திண்டிட்டுது, ரெண்டாவது கண்டுக்குக் கூடு கட்டி வைச்சிருக்கு. பக்கத்து வீட்டு ஐயா விடிய விடிய தண்ணி ஊத்துறார், ஆரும் சொல்லேல்ல. இருந்தாலும் கிழமைக்கு ஒரு சொப்பிங் பேக் எண்டாலும் அதுக்குப் பக்கத்துல வந்து நிக்குது.

வாற மாசி பிறக்க வலை கட்டோணும். கயிறு இழுக்கிற அன்ரி மகளோட இருக்க மட்டக்களப்புக்குப் போறா, மகனுக்கு இரவு டியூட்டி. மற்ற வீட்டுல கேட்டிருக்கிறம், அவங்க இன்னும் மறுமொழி சொல்லேல்ல. சொல்லும் மட்டும் வலை வாடியில சுத்தினபடி கிடக்கு.